கச்சான் மூட்டைக்குப் பூஞ்சண மருந்து தெளிக்கலாமா?

தங்கச்சி, அண்ணா என்று உரிமையோடு கேட்டிருக்கிறீர்கள், நானும் அதே உரிமையோடு நேராகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியது இது. கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னறையில் கோதுடைத்த கச்சான் பதினொரு மூட்டை வைத்திருக்கிறீர்கள். வறுத்து, உப்புச் சேர்த்து, சின்னப் பைக்கற்றுகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறீர்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு மூட்டைகளின் அடியில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. புறக்கோட்டையில் இரசாயனப் பொருள் விற்பவர் ஒருவர், "பொட்டாசியம் சோபேற்றைத் தண்ணியில கரைச்சுத் தெளியுங்கோ, ஆறு மாசத்துக்கு ஒண்டும் அண்டாது. காசு கூடவெண்டால் சோடியம் பென்சோவேற்று இருக்கு" என்றிருக்கிறார். நூறு கிலோவுக்கு எவ்வளவு கலப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவு சொல்லமாட்டேன். தெளிக்கவே வேண்டாம். ஏன் என்பதை விரிவாக எழுதுகிறேன். இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் வேறொருவர் வேறொரு மருந்தோடு வரும்போதும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சோபேற்றும் பென்சோவேற்றும் கெட்ட பொருட்கள் என்று நான் சொல்லவரவில்லை. கோடியல், ஜாம், தக்காளி சோஸ் போத்தல்களில் அவை பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, தங்கள் வேலையை ஒழுங்காகவும் செய்கின்றன. ஆனால் அவை வேலை செய்வதற்குப் புளிப்பு வேண்டும். இவை எல்லாம் மென்மையான அமிலங்களின் உப்புகள். புளிப்பான இடத்தில் முழு அமில வடிவில் இருக்கும். அந்த வடிவில்தான் பூஞ்சணத்தின் கலச்சுவரையும் மென்சவ்வையும் தாண்டி உள்ளே போக முடியும். உள்ளே போனதும் பிரிந்து கலத்தைப் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளித் தள்ளியே பூஞ்சணத்தின் சக்தி தீர்ந்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும். புளிப்பில்லாத இடத்தில் இதே பொருள் வெளியிலேயே பிரிந்து மின்னேற்றத்தோடு நிற்கும். அதற்குக் கதவு திறக்காது.

கணக்காகப் பாருங்கள். தயிரளவு புளிப்பில், அதாவது பீஎச் 4.5 அளவில், சோபிக் அமிலத்தின் நூறு மூலக்கூறில் ஏறத்தாழ 65 உள்ளே போகக்கூடிய வடிவில் இருக்கும். பீஎச் கூடக்கூடப் புளிப்புக் குறையும். கச்சானின் பீஎச் 6.5ஐ ஒட்டியது. அங்கே நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பென்சோவேற்று இன்னும் மோசம், இருநூறுக்கு ஒன்று. கடைக்காரர் மலிவாகத் தருகிறேன் என்றது அந்த இருநூறுக்கு ஒன்றைத்தான். ஜாம் போத்தலுக்குப் போடும் அளவைக் கச்சானுக்குப் போட்டால் பூஞ்சணத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. அதற்குத் தெரியும் அளவுக்குப் போட்டால் சாப்பிடுகிறவருக்கு நாக்கில் தெரியும்.

அடுத்தது தண்ணீர். நூறு கிலோ கச்சானை ஓரளவாவது சமமாக நனைக்க இரண்டு லீற்றர் தண்ணீராவது வேண்டும். 7 வீத ஈரத்தோடு இருந்த கச்சான் அந்த நிமிடமே 9 வீதத்தை நெருங்கிவிடும். கோதுடைத்த கச்சானுக்கு 7 வீதம்தான் பாதுகாப்பின் எல்லை. மருந்து தெளிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பூஞ்சணத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருப்போம். தூளாகவே தூவலாமே என்று கேட்பீர்கள். தூள் பருப்பின் தோலில் ஒட்டாது. மூட்டையை இரண்டு தரம் தூக்கி வைத்தால் அடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலாக என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. பூஞ்சணத்தை முழுதாக அடக்காமல் அரைகுறையாக நெருக்கினால், சில நிலைமைகளில் அது வழமையைவிடக் கூடுதலாக நஞ்சை உண்டாக்குகிறது. ஆய்வுகூடங்களில் குறைந்த அளவு நற்காப்புப் பொருட்களோடு வளர்த்துப் பார்த்தவர்கள் இதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். சோபேற்றைத் தின்று செரிக்கும் பூஞ்சணங்களும் உண்டு. அவை அதை உடைத்து விடும் வாயு மண்ணெண்ணெய் போல மணக்கும். மருந்து போட்ட சாமானில் மண்ணெண்ணெய் வாடை வந்தால், மருந்து யாருக்குச் சாப்பாடாகிவிட்டது என்று விளங்கிக்கொள்ளலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கொழும்புக்கு வெளியே ஒரு களஞ்சியம். கச்சான் மூட்டைகளுக்கு மருந்து தெளித்துச் சுவரோடு சாத்தி அடுக்கியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து மாதிரி எடுக்கப் போனேன். மேல் மூட்டையைப் பிரித்தால் பருப்பு பளிச்சென்று இருந்தது, எல்லாருக்கும் சந்தோசம். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டேன். நடுவில் இளஞ்சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டதுபோல. மூட்டைக்குள்ளே ஏதோ ஒன்று உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கையை எடுத்து மணந்தேன், பழைய ஈரச்சாக்கின் மணம். நல்லதாகத் தெரிந்த ஒரு பருப்பை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்தேன். வெளித்தோல் சிவப்பாக, சுருக்கமில்லாமல் இருந்தது. உள்ளே இரண்டு பாதிகளும் சேரும் குழியில் மஞ்சள் கலந்த பச்சையில் மாப்போல ஒரு படிவு. ஊதியதும் பறந்தது. தெளித்த மருந்து அந்தக் குழிக்குள் எப்படிப் போகும்? அன்றிலிருந்து நான் கச்சானை மேலே மட்டும் பார்த்து நல்லது என்று சொல்வதில்லை.

அந்த மஞ்சள் பச்சைக்காரரின் பெயர் அஸ்பஜில்லஸ் பிளேவஸ். அவருக்கு அஸ்பஜில்லஸ் பரசிற்றிகஸ் என்று ஒரு கூட்டாளியும் உண்டு. இருவரும் உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடொக்சின். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இது இருந்தது என்று செய்தி வந்தபோது இந்தப் பெயர் நம் வீடுகளுக்கெல்லாம் தெரியவந்தது. ஆனால் உலகம் இதை முதலில் அறிந்ததே கச்சானால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் போய் நின்றது. புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வதை பி என்றும் பச்சையாக ஒளிர்வதை ஜி என்றும் பிரித்தார்கள். அவற்றில் பி1தான் மிகக் கொடியது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அஃப்ளாடொக்சினை முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை என்று தீர்மானித்த பொருட்களின் வரிசையில். அது ஈரலைத் தாக்கும். ஹெப்பற்றைற்றிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்காகிவிடும். அளவு மிகக் கூடினால் வருடக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை. 2004இல் கென்யாவில் பூஞ்சணம் பிடித்த சோளம் சாப்பிட்டு 317 பேர் நோயாளிகளானார்கள், 125 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். பூஞ்சணம் ஓர் உயிர், அஃப்ளாடொக்சின் அது விட்டுப்போகும் பொருள். நற்காப்புப் பொருள் எதுவானாலும் அதிகபட்சம் உயிரைத்தான் தடுக்கும். ஏற்கனவே பருப்புக்குள் ஊறிய நஞ்சை ஒரு துளிகூடக் குறைக்காது. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும், வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டாலும் நஞ்சு அப்படியே நிற்கும். வறுத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அஃப்ளாடொக்சின் பி1 உருகுவதற்கே 268 பாகை செல்சியஸ் வேண்டும். உங்கள் தாச்சியின் மணல் சூட்டில் ஒரு பகுதி அழியும், மிச்சம் இருக்கும். வறுப்பதைப் பாதுகாப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கடம், தொற்று உங்கள் வீட்டில்தான் தொடங்கியது என்றும் சொல்லமுடியாது. கச்சான் மண்ணுக்குள் விளைவது, இந்தப் பூஞ்சணமும் மண்ணில் வாழ்வது. அறுவடைக்கு முந்திய கடைசி நாலைந்து கிழமைகளில் மழை பொய்த்து மண் சூடானால், காய் தன்னைக் காக்கும் சக்தியை இழந்துவிடும். பூஞ்சணம் நிலத்துக்குள்ளேயே புகுந்துகொள்ளும். மொனராகலையிலோ முல்லைத்தீவிலோ வரட்சியில் விளைந்த ஒரு தொகுதி, கொழும்புக்கு வரும்போதே நஞ்சோடு வரலாம். சில நாடுகளில் இதற்கு வயலிலேயே வைத்தியம் பார்க்கிறார்கள். நஞ்சு உண்டாக்கத் தெரியாத பிளேவஸ் இனத்தை வளர்த்து மண்ணில் தூவி, கெட்டதை இடம்பிடிக்கவிடாமல் செய்கிறார்கள். அமெரிக்கக் கச்சான் வயல்களிலும் நைஜீரியாவிலும் இது நடைமுறையில் இருக்கிறது. களஞ்சியத்தில் தெளிக்கும் எந்த மருந்தும் இந்த வயல் தொற்றைத் தொடாது.

நேர்மையாகச் சொல்லவேண்டியதையும் சொல்கிறேன். அமிலம் உண்மையிலேயே தானியத்தைக் காப்பாற்றும் ஓர் இடம் இருக்கிறது. ஈரமாக அறுத்த சோளத்தை மாட்டுத்தீனுக்கு வைப்பவர்கள் புரொப்பியோனிக் அமிலம் சேர்ப்பார்கள். நூறு கிலோவுக்கு அரைக் கிலோ அளவில், ஈரம் கூடக்கூட அமிலமும் கூடும். அங்கே உப்பாகப் போடுவதில்லை, அமிலமாகவே ஊற்றுவதால் தானியத்தின் மேற்பரப்பே புளித்துவிடும். பாணில் பூஞ்சணம் பிடிக்காமல் போடும் கல்சியம் புரொப்பியோனேற்று இதன் உறவுதான். கச்சானிலும் முயன்றார்கள், பூஞ்சணம் அடங்கியது. ஆனால் அந்தக் காட்டமான மணம் எண்ணெய்ப் பருப்பில் ஒட்டிக்கொண்டால் விலகாது. மாடு பொறுத்துக்கொள்ளும். காலிமுகத்திடலில் கடதாசிச் சுருளில் கச்சான் வாங்குகிறவர் ஒரு வாயோடு எறிந்துவிடுவார். நீங்கள் பிறகு எப்போதாவது கச்சான் சோஸ் மாதிரி தண்ணீர் சேர்ந்த சாமான் செய்தால், தேசிக்காயோ வினாகிரியோ சேர்த்துப் புளிப்பாக்கி, அதில் சோபேற்று போடுவதில் நியாயம் இருக்கிறது. அப்போதுகூட, எந்த உணவில் எது, எவ்வளவு என்பதெல்லாம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லேபல் இல்லாத பொலித்தீன் பையில் நிறுத்துத் தருவது உணவுத் தரமா, தொழிற்சாலைத் தரமா என்று யாருக்குத் தெரியும்?

வேப்பிலை, கராம்பு, கறுவா இலை எண்ணெய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள யூஜினோல் ஆய்வுகூடத் தட்டில் இந்தப் பூஞ்சணத்தை நன்றாகவே அடக்குகிறது. வேப்பிலைச் சாறு நஞ்சு உண்டாவதைக் குறைப்பதையும் கண்டிருக்கிறார்கள். மூட்டையளவில் அந்தச் செறிவு கிடைப்பதில்லை, கிடைத்தால் கச்சான் கச்சானாக மணக்காது. அம்மம்மாமார் அரிசிப் பெட்டிக்குள் வேப்பிலை வைத்தது வண்டுக்கு. பச்சை இலையை உங்கள் மூட்டைக்குள் வைத்தால் அது தன் ஈரத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

ஆகவே உங்கள் பிரச்சினையின் பெயர் ஈரம். அதைப்பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

நெல்லோடும் அரிசியோடும் பழகிய நம்மவர்கள் கச்சானில் ஏமாறுவது ஒரே இடத்தில். அரிசி 13, 14 வீத ஈரத்தில் பத்திரமாக இருக்கும். அதே 13 வீதத்தில் கச்சான் ஒரு கிழமைக்குள் நாசமாகிவிடும். காரணம், கச்சானில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். எண்ணெய் தண்ணீரைச் சேர்க்காது. உள்ள தண்ணீர் முழுவதும் மற்றப் பாதிக்குள்தான் நெருக்கியடித்து இருக்கவேண்டும். முழுப் பருப்பில் 7 வீத ஈரம் என்னும்போது, அந்த எண்ணெயில்லாப் பாதியில் அது ஏறத்தாழ 14 வீதம். அரிசியின் அதே எல்லைதான், வேறு கணக்கில். கோதோடு இருந்தால் 9 வீதம் வரை போகலாம், கோது தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இனிக் கொழும்பைப் பாருங்கள். இங்கே காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள ஈரலிப்பு, வருடம் முழுக்க 80 வீதத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. விடியப்புறத்தில் இன்னும் கூட. கச்சான் சணல் சாக்குக்குள் இருந்தால் காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். 70 வீதக் காற்றில் அதன் ஈரம் 7 வீதத்தில் நிற்கும். 80 வீதக் காற்றில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். நீங்கள் எவ்வளவு நன்றாகக் காய்ந்த கச்சான் வாங்கி வந்தாலும், திறந்த சாக்கில் கொட்டாஞ்சேனைப் பின்னறையில் வைத்தால் இரண்டு மூன்று கிழமையில் அது கொழும்பின் ஈரத்துக்கு வந்துவிடும். உங்களுக்கு விற்றவர் ஏமாற்றியிருக்கவேண்டும் என்றில்லை.

பிளேவஸ் வளர ஈரலிப்பு 80 வீதமோ அதற்கு மேலோ வேண்டும், 28, 30 பாகை வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும், நமக்கு வருடம் முழுக்க அதுதான். 70க்கும் 80க்கும் இடையில் வேறு பூஞ்சணங்கள் முதலில் வரும், நஞ்சு குறைந்தவை. அவை மூச்சு விடும்போது தண்ணீரும் சூடும் வெளிவரும். அந்தத் தண்ணீரில் பிளேவஸ் எழும்பும். வண்டும் இதையேதான் செய்கிறது, தின்று மூச்சுவிட்டுத் தோலையும் கிழித்துவைக்கும். உங்கள் மூட்டையின் அடியில் மட்டும் பச்சை பிடித்ததற்குச் சீமெந்து நிலம் காரணமாக இருக்கலாம். இரவில் குளிர்ந்த நிலத்தில் மூட்டையின் அடி வியர்க்கும், கண்ணுக்குத் தெரியாது.

இப்போது செய்யவேண்டியது. ஒரு சின்ன டிஜிற்றல் ஈரலிப்பு மானி வாங்குங்கள், சுவரில் மாட்டும் மணிக்கூடு மாதிரியான மலிவானது போதும். வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மூட்டையின் நடுவில் இருந்தும் அடியில் இருந்தும் எடுத்த பருப்பால் முக்கால்வாசி நிரப்பி, மானியை உள்ளே வைத்து மூடியை இறுக்குங்கள். வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். காலையில் மானி காட்டுவது அறையின் ஈரலிப்பு அல்ல, கச்சான் தானே உண்டாக்கிய ஈரலிப்பு. 65க்குக் கீழே என்றால் நிம்மதியாக இருக்கலாம். 70 எல்லை. 75ஐத் தாண்டியிருந்தால் அன்றே ஏதாவது செய்யவேண்டும். மானி கிடைக்காத நாளில் உப்பைப் பாவிக்கலாம். தாச்சியில் வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு கரண்டியைப் பருப்போடு போத்தலில் போட்டுக் குலுக்கி வையுங்கள். உப்பு 75 வீதத்தில் தண்ணீர்விடத் தொடங்கும் பொருள், போத்தல் சுவரில் ஈரமாக ஒட்டினால் கச்சான் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒன்றைப் பார்த்து பதினொன்றைத் தீர்மானிக்கவேண்டாம்.

எல்லைக்குள் இருப்பவற்றைச் சாக்கில் இருந்து எடுத்துக் காற்றுப் புகாத ஒன்றுக்குள் மாற்றுங்கள். இறுக்கிப் பூட்டும் மூடியுள்ள உணவுத்தரப் பிளாஸ்ரிக் பீப்பா நல்லது. மூன்று அடுக்குப் பைகள் இருக்கின்றன, உள்ளே இரண்டு தடித்த பொலித்தீன், வெளியே பின்னிய பை. இறுக்கிக் கட்டினால் உள்ளே உள்ள ஒட்சிசன் குறைந்து வண்டும் அடங்கிவிடும், கொழும்புக் காற்றும் உள்ளே வராது. காய்ந்த கச்சானுக்கு மட்டும்தான் இது. ஈரக் கச்சானை இறுக்கி மூடுவது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பது. பீப்பாவோ பையோ, பலகைத் தட்டில் ஏற்றி, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. நீங்கள் எப்படியும் வறுத்துத்தான் விற்கிறீர்கள். வறுத்த கச்சானில் ஈரம் 2 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும், பூஞ்சணத்துக்கு அங்கே வழியில்லை. பதினொரு மூட்டை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதை விட்டு, இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, வந்த கையோடு வறுத்து, காற்றுப் புகாமல் அடையுங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பது எனக்கும் தெரியும். இந்த இரண்டு மூட்டை நட்டத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு பொறுக்குவது. ஒரு தொகுதியின் நஞ்சில் பெரும்பகுதி மிகச் சில பருப்புகளில்தான் இருக்கும். மோசமான ஒரு பருப்பில் அதன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குவரைகூட அஃப்ளாடொக்சின் இருந்ததை அளந்திருக்கிறார்கள். அரைக் கிராம் பருப்பில் அப்படியென்றால் 500 மைக்ரோகிராம். அந்த ஒற்றைப் பருப்பைப் பத்துக் கிலோ சுத்தமான கச்சானுக்குள் போட்டு அரைத்தால், கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் வந்துவிடும். சர்வதேச உணவுத் தர நியமங்களை வகுக்கும் கொடெக்ஸ், பதப்படுத்தலுக்குப் போகும் கச்சானுக்கு வைத்த எல்லை 15, அமெரிக்காவில் 20, நேரே சாப்பிடும் கச்சானுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்தம் 4. பத்துக் கிலோவை எல்லை தாண்டவைக்க ஒரே ஒரு பருப்புப் போதும் என்றால், அந்த ஒன்றைக் கையால் எடுத்து எறிவதன் பெறுமதி எவ்வளவு என்று யோசியுங்கள். பெரிய தொழிற்சாலைகளில் தோல் நீக்கி, நிறம் பார்க்கும் இயந்திரத்தில் ஓடவிடுகிறார்கள். உங்களுக்குச் சுளகும் வெளிச்சமும் இரண்டு கண்ணும் இருக்கிறது. பச்சைப் பருப்பில் சுருங்கியது, உடைந்தது, வண்டு துளைத்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். வறுத்தபின் தோலைத் தேய்த்து ஊதிவிட்டு இரண்டாம் முறை பாருங்கள். தோலுக்குள் ஒளிந்திருந்தவை அப்போது பழுப்பாக, கறுப்புப் புள்ளியோடு தெரியும். அந்த இரண்டாம் பார்வையைத்தான் எல்லாரும் நேரமில்லை என்று விடுகிறார்கள். தோலோடு விற்கும் கச்சானுக்கு அந்த வாய்ப்பே இல்லை, அதனால் என்னைக் கேட்டால் தோல் நீக்கியதையே விற்கச் சொல்வேன். வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், கைக்கிற கச்சானை விழுங்கவேண்டாம், துப்பிவிடலாம், யாரும் ஏசமாட்டார்கள்.

சோதனைக்குக் கொடுக்க விரும்பினால் பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் அஃப்ளாடொக்சின் பார்க்கிறார்கள். ஒரு கைப்பிடியை ஒரு மூட்டையில் இருந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேலே சொன்ன அந்த ஒற்றைப் பருப்பு உங்கள் கைப்பிடிக்குள் வந்தால் பயங்கரம் என்று வரும், வராவிட்டால் ஒன்றுமில்லை என்று வரும், இரண்டும் பொய். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து, பல கிலோவாக்கி, முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து கொடுக்கவேண்டும். ஐரோப்பாவில் பெரிய தொகுதி ஒன்றுக்கு 20 கிலோ எடுக்கிறார்கள். எவ்வளவு கொண்டுவரவேண்டும் என்று அங்கேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்த இரண்டு மூட்டைக்கு வருகிறேன். மனம் வராதுதான், காசு போட்டு வாங்கியது. பச்சை பிடித்ததை எடுத்துவிட்டு மிச்சத்தை வறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரே மூட்டையில் எந்தப் பருப்பு வரைக்கும் போயிருக்கிறது என்று உங்களாலும் சொல்லமுடியாது, என்னாலும் சொல்லமுடியாது. செக்கில் கொடுத்து எண்ணெயாக்கவும் வேண்டாம். பெரிய ஆலைகளில் கோஸ்ரிக் சோடாக் காரமும் வெளிற்றும் மண்ணும் போட்டுச் சுத்திகரிக்கும்போது எண்ணெயில் இருந்து நஞ்சு போய்விடும், செக்கு எண்ணெயில் அந்தப் படிகள் இல்லை. பெரும்பகுதி நஞ்சு புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் எம்1 என்ற வேறு வடிவில் திரும்பி வரும். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடுகிறேன் என்றும் நினைக்காதீர்கள். வான்கோழிக் கதையை அதற்குத்தான் சொன்னேன், தாரா அதைவிடத் தாங்காது. முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிளறாமல், தூசி பறக்காமல் தடித்த பொலித்தீன் பையில் கட்டி, கழிவு என்று சொல்லியே அகற்றுங்கள். எங்காவது திறந்து வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாக்குகளையும் சேர்த்து எறியுங்கள். நிலத்தையும் சுவரையும் துடைத்துக் காயவிட்ட பிறகே மற்ற மூட்டைகளை உள்ளே கொண்டுவாருங்கள்.

மிச்சம் ஒன்பது. இன்று பின்னேரமே ஒன்பது போத்தல் போடுங்கள், மூடியில் மூட்டை இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். மானி ஒன்றுதான் இருந்தால் ஒருநாள் ஒரு போத்தலாகப் பாருங்கள், சந்தேகமான மூட்டையை முதலில். உள்ளே இளஞ்சூடு தெரிகிற மூட்டை எதுவும் இருந்தால் போத்தலுக்குக் காத்திருக்காமல் தனியே எடுத்து வையுங்கள். 70க்கும் 75க்கும் இடையில் நிற்பவற்றை உடனே பொறுக்கி வறுத்துவிடுங்கள், 70க்குக் கீழே உள்ளவை பீப்பாவில் காத்திருக்கட்டும். 75ஐத் தாண்டியது எது, அதைப் பிளந்தால் குழியில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், அந்த மூட்டைகளை என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.